பூச்சி மருந்தும் புற்றுநோயும்: சிங்கப்பூரில் மருந்து அடிக்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

லிம் சூ காங், கிராஞ்சி பக்கத்துக் காய்கறிப் பண்ணைகளிலும் கொண்டோ தோட்டங்களிலும் கொசுப் புகை அடிக்கும் வேலையிலும் மருந்து டேங்க் தூக்குகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஊரில் பருத்திக்கும் கத்தரிக்கும் வருஷக்கணக்கில் மருந்து அடித்துவிட்டு, இங்கே கட்டுமானத்துக்கும் ஷிப்யார்டுக்கும் வந்தவர்கள் அதைவிட அதிகம். இரண்டு தரப்புக்கும் மனத்தில் ஓடும் பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். பூச்சி மருந்து அடித்தால் புற்றுநோய் வருமா?

மருந்து அடிக்கும் எல்லோருக்கும் வராது, பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் ஆண்டுக்கணக்கில், பாதுகாப்பு இல்லாமல் அடித்தவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 1991லேயே சொல்லிவிட்டது. ஆர்செனிக் கலக்காத பூச்சிக்கொல்லிகளைத் தெளிக்கும் வேலையையே அது ‘2ஏ’ பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் தருவதற்கு வாய்ப்பு அதிகம் என்பது அந்தப் பிரிவின் பொருள். ஆர்செனிக் கலந்தவை அதற்கும் மேலே, உறுதியாகப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் இருக்கின்றன.

அங்கே வகைப்படுத்தப்பட்டது வேலைதான், ஒரு தனி மருந்து மட்டும் இல்லை. கடையில் வாங்கிய கீரையை மனத்தில் வைத்துத்தான் பலரும் பூச்சி மருந்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அந்தக் கீரைக்கு மருந்து அடித்தவர் உடம்பில் ஏறும் அளவு அதைவிடப் பல மடங்கு. கவலை முதலில் அவரைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

எந்தெந்தப் புற்றுநோய்?

ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று: லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்க் கணுப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜையில் வரும் மயலோமா, ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோய். ரத்தப் புற்றுநோயின் சில வகைகளுக்கும் தொடர்பு பேசப்படுகிறது.

இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993ல் தொடங்கியது. விவசாயிகள், அவர்களுடைய மனைவி அல்லது கணவர், கூலிக்கு மருந்து அடிப்பவர்கள் என்று ஏறத்தாழ 89,000 பேரைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் அந்த விவசாயிகளுக்குப் புற்றுநோய் பொதுமக்களைவிடக் குறைவு. புகைப்பழக்கம் குறைவு, உடலுழைப்பு அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய் போன்ற சில வகைகள் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தன. உள்ளே போய் மருந்து மருந்தாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னும் சில தொடர்புகள் தெரிந்தன: லிண்டேன் அடித்தவர்களுக்கு லிம்ஃபோமா, டயசினான் அதிகம் அடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய், மாலத்தியான் உள்ளிட்ட சிலவற்றை அதிகம் அடித்தவர்களுக்கு வேகமாகப் பரவும் வகைப் புரோஸ்டேட் புற்றுநோய்.

‘எங்க அப்பா ஐம்பது வருஷம் மருந்து அடிச்சாரு, ஒண்ணும் ஆகலையே’ என்று சொல்பவர்கள் உண்டு. அது பொய்யில்லை. ஒருவரை வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பிரான்ஸ் நாடு இந்தத் தொடர்பை ஏற்று, மருந்து அடித்த விவசாயத் தொழிலாளர்களுக்கு லிம்ஃபோமா வந்தால் அதைத் தொழில்நோய் என்று 2015லும், புரோஸ்டேட் புற்றுநோயை 2021லும் பட்டியலில் சேர்த்தது.

நாங்கள் அடித்த மருந்துகளில் எது மோசமானது?

பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் இரண்டிலிருந்து தொடங்கலாம்: பி.எச்.சி. பவுடரும் டி.டி.டி.யும். பி.எச்.சி.யை வெறும் கையால் வயலில் தூவினார்கள். பூச்சி விழாமல் இருக்க நெல் மூட்டையிலும் போட்டார்கள். இந்தியாவில் அது 1997ல் தடை செய்யப்பட்டது. அதிலிருந்து பிரித்தெடுத்த லிண்டேனை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் முதல் பிரிவில், அதாவது உறுதியாகப் புற்றுநோய் தருவது என்ற பிரிவில் வைத்தது. டி.டி.டி.க்கு அதே ஆண்டு ‘2ஏ’.

மாலத்தியானும் டயசினானும் 2015ல் ‘2ஏ’ ஆயின, பாரத்தியான் அதற்குக் கீழே ‘2பி’. இந்தியா 2018ல் ஒரே ஆணையில் டயசினான், மெத்தில் பாரத்தியான், கார்பரில் உட்படப் பல மருந்துகளைத் தடை செய்தது. டைகுளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் போன்றவற்றுக்கு 2020 கடைசி வரை அவகாசம் கொடுத்தது. எந்த மருந்தும் தடை வந்த மறுநாளே வீட்டிலிருந்து காணாமல் போவதில்லை. லீவில் ஊருக்குப் போகும்போது மோட்டார் கொட்டகையிலோ பரணிலோ பழைய டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘தீர்த்துவிடுவோம்’ என்று அடிக்காதீர்கள், வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பற்றித்தான் இங்கே தோட்ட வேலை செய்பவர்கள் அதிகம் கேட்கிறார்கள். அதுவும் 2015ல் ‘2ஏ’ ஆனது. ஆனால் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு 2018ல் வெளியிட்ட முடிவில், கிளைபோசேட்டுக்கும் மொத்தப் புற்றுநோய்க்கும் லிம்ஃபோமாவுக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், வாதம் முடியும்வரை தோலைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

டப்பாவில் பச்சை முக்கோணம் போட்டிருந்தது. அப்படியானால் பயமில்லையே?

இந்தியாவில் விற்கும் மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். குடித்தாலோ தோலில் பட்டாலோ உடனே எவ்வளவு கடுமையாக விஷம் ஏறும் என்பதை மட்டும்தான் அந்த நிறம் சொல்கிறது. இருபது வருஷம் கழித்து வரும் நோயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மாலத்தியானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீல முக்கோணம், அதாவது உடனடி நச்சுத்தன்மையில் நடுத்தரம். புற்றுநோய் வகைப்பாட்டிலோ அது ‘2ஏ’.

மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடிக்கிறேன். போதாதா?

போதாது, பல நேரம் அது கெடுதலும்கூட. வயல்வெளியில் மருந்து அடிப்பவர் உடம்பில் பெரும்பாலும் மூக்கு வழியாக ஏறுவதில்லை, தோல் வழியாகத்தான் ஏறுகிறது. துண்டு சாரலை வாங்கி நனைகிறது. நனைந்த துண்டு மணிக்கணக்கில் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

முதுகில் தூக்கும் டேங்கைக் கவனித்துப் பாருங்கள். மூடியின் வாஷர் தேய்ந்திருக்கும். குனியும்போதெல்லாம் ஓரமாக வழிந்து சட்டையின் முதுகை நனைக்கும். அங்கிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து உள்ளாடை. வெயிலில் வியர்வையோடு சேர்ந்துவிடுவதால் அடிப்பவருக்கு அது மருந்து என்றே தெரியாது. ‘வேர்த்திருச்சு’ என்று விட்டுவிடுவார். தோலில் எல்லா இடமும் ஒரே மாதிரி உறிஞ்சாது. பாரத்தியானை வைத்துச் செய்த பழைய சோதனை ஒன்றில், முன்கையில் பட்டதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உள்ளே போனது. விதைப்பைத் தோலில் பட்டதோ ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது. மருந்து பட்ட கையோடு சிறுநீர் கழிக்கப் போகாதீர்கள், முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பலரும் அலட்சியமாக விடும் இடம் இது.

இன்னொன்று நாசில் அடைப்பு. அவசரத்தில் வாயில் வைத்து ஊதுவதை ஊரிலும் பார்த்திருக்கிறேன், இங்கேயும் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை டேங்க்கோடு கட்டி வைத்துக்கொண்டால் அந்த வேலை தீர்ந்தது.

சரி, என்னதான் போட வேண்டும்?

கைக்கு நைட்ரைல் கையுறை. துணியோ தோலோ வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காலுக்கு ரப்பர் பூட்ஸ். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழிவதெல்லாம் காலுக்குள் இறங்கும். முழுக்கைச் சட்டை, அதன்மேல் முதுகுக்கு நீர் புகாத ஏப்ரன், கண்ணுக்குக் கண்ணாடி. கோவிட் காலத்து மெல்லிய மாஸ்க்கும் சரி, என்95-ம் சரி, ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடிதான் வேண்டும். கார்ட்ரிட்ஜுக்கும் ஆயுள் உண்டு, அதைக் காலத்தில் மாற்ற வேண்டும். எந்த மருந்துக்கு எது தேவை என்பதை டப்பா லேபிள் சொல்லும்.

எல்லாவற்றையும்விட எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரம் மருந்தைக் கலக்கும் நேரம். டேங்கில் இருப்பது நீர்த்த மருந்து, டப்பாவில் இருப்பது முழு வீரியம். மூடியால் அளந்து ஊற்றும்போது விரலில் சிந்தும் கொஞ்சம், அரை நாள் சாரலுக்குச் சமமாக இருக்கக்கூடும்.

சிங்கப்பூர் வெக்கையில் இதையெல்லாம் போட்டால் மயக்கம் வருகிறது என்று சொல்வதும் நியாயம்தான். வெக்கையில் தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதால் விடிகாலையில் அடிப்பதே நல்லது. மனிதவள அமைச்சு 2023ல் கொண்டுவந்த வெப்ப விதிகளின்படி, வெளியில் கடினமாக உழைப்பவர்களுக்கு, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் WBGT அளவு 32 டிகிரியை எட்டினால் மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் யார் வேண்டுமானாலும் மருந்து அடிக்கலாமா?

முடியாது. பயிருக்கு அடிக்கும் மருந்து சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவர் பொறுப்பில்தான் அடிக்க வேண்டும். கொசு, எலி போன்றவற்றுக்கான வேலையைத் தேசிய சுற்றுப்புற வாரியம் கவனிக்கிறது, அதற்கும் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். பயிற்சியே தராமல் டேங்கைக் கையில் கொடுத்தால், லேபிள் கிழிந்த டப்பாவிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிய மருந்தைக் கொடுத்தால், ‘இது என்ன மருந்து’ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நான் கொசுப் புகை அடிக்கிறேன். எனக்கும் இதே ஆபத்தா?

புகை அடிப்பதற்கு இப்போது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் இரண்டும் ‘3’ஆம் பிரிவில் இருக்கின்றன. புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். தராது என்று யாரும் நற்சான்று கொடுக்கவில்லை. வயலில் தோல் முக்கியம் என்றேன். புகை வேலையில் மூச்சும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் துளிகள் மிகச் சிறியவை. கால்வாய் ஓரத்தில் அடிப்பதைவிட மூடிய மாடிப்படியிலும் தாழ்வாரத்திலும் அடிக்கும்போது இன்னும் கவனம் தேவை.

ஊரில் பத்து வருஷம் அடித்தேன், இப்போது கட்டுமான வேலை. இனி என்ன செய்வது?

முதலில், நிறுத்தியதே நல்ல விஷயம். ஆனால் புற்றுநோய் உடனே வருவதில்லை, பத்து இருபது வருஷம் கழித்தும் வரலாம். அதனால் மருத்துவரைப் பார்க்கும்போது, அவர் கேட்காவிட்டாலும் ‘நான் இத்தனை வருஷம் மருந்து அடித்திருக்கிறேன்’ என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இப்போதைய வேலை கட்டுமானம் என்றால் பழைய வேலையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

புகைப்பதையும் புகையிலை மெல்லுவதையும் விட்டுவிடுங்கள். மருந்தால் கூடும் ஆபத்தைவிடப் புகையிலையால் கூடும் ஆபத்து மிகப் பெரியது. மருந்து பட்ட கையால் சிகரெட்டையோ பாக்கையோ எடுத்து வாயில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே உள்ளே போகும்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?

‘மருந்தால் உனக்குப் புற்றுநோய் வரப்போகிறது’ என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி ஊரில் பேக்கேஜ் விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அண்மையில் உடம்பில் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் அது காட்டும். அந்த வகை மருந்துகளோடு வேலை செய்பவர்களுக்கு, சேரும்போதும் பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சிங்கப்பூர் விதியே இருக்கிறது. அளவு குறைந்தால் கொஞ்ச நாள் மருந்து வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

எந்த அறிகுறி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்?

கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியில்லாத கட்டி வந்து, இரண்டு மூன்று வாரமாகியும் கரையாவிட்டால் போய்விடுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் படுக்கை நனையும்படி வேர்ப்பது, விட்டு விட்டு வரும் காய்ச்சல், ஓய்வெடுத்தாலும் போகாத முதுகெலும்பு வலி, ஐம்பது வயதுக்கு மேல் சிறுநீர் கழிப்பதில் சிரமம் எல்லாமே காட்ட வேண்டியவை. பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணம்தான் இருக்கும். வலி இல்லை என்பதற்காகக் கட்டியை விட்டுவைக்காதீர்கள்.

மருந்து அடித்த அன்றே வாந்தி, எச்சில் ஊறுதல், கண்ணில் பாப்பா சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் என்று வந்தால் அது வேறு, அது விஷம் ஏறியிருப்பது. துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவி, 995 அழையுங்கள். டப்பாவையோ அதன் படத்தையோ கூடவே கொண்டுபோங்கள்.

துணியை எங்கே துவைப்பது?

மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் தனியாக, முடிந்தால் சுடுதண்ணீரில். டார்மிட்டரியில் பொது மெஷின்தான் என்றால் மருந்துத் துணியைப் போட்ட பிறகு ஒருமுறை வெறும் சோப்புத் தண்ணீரில் ஓடவிடுங்கள். வேலையிடத்திலேயே துவைத்துத் தருவது கம்பெனியின் பொறுப்பாக இருப்பதே நல்லது. ஊரில் இந்தத் துணியைப் பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான் வெறும் கையால் கசக்குகிறார்கள், வாளி நிறைய ஊறவைத்து. வயலுக்கே போகாதவர்களுக்கும் மருந்து ஏறும் வழி அது. கையுறை போட்டுத் துவைக்கச் சொல்லுங்கள். குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

நோய் வந்தால் இழப்பீடு கிடைக்குமா?

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஆர்கனோபாஸ்பேட் நச்சு அதன் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலையில் ரசாயனம் பட்டதால் வந்த மற்ற நோய்களுக்கும் விண்ணப்பிக்க வழி உண்டு. காலக்கெடு ஓராண்டு, அதனால் மருத்துவர் சொன்னதும் தள்ளிப்போடாமல் விண்ணப்பிக்க வேண்டும்.

புற்றுநோய் விஷயத்தில் இது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நோய் வரும்போது நீங்கள் மன்னார்குடியிலோ சிவகங்கையிலோ இருப்பீர்கள், கம்பெனி மூடியிருக்கலாம், என்ன மருந்து அடித்தோம் என்றே மறந்திருக்கும். ஆகவே இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு புதிய மருந்துக்கும் லேபிளைப் போனில் படம் எடுங்கள். மருந்தின் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் ரசாயனத்தின் பெயரும் படத்தில் தெரிய வேண்டும். எந்த மாதம், எந்தப் பண்ணை, வாரத்தில் எத்தனை நாள், என்ன கையுறை கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். போன் தொலையலாம், வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். சம்பளச் சீட்டையும் பெர்மிட் நகலையும் அதோடு வையுங்கள்.

பாதுகாப்புப் பொருள் கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கி வந்தவருக்கு அது சின்னப் பயம் இல்லை. முதலில் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டால் கேட்டதற்குச் சான்று இருக்கும். நடக்கவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மனிதவள அமைச்சிடம் வேலையிடப் பாதுகாப்பு பற்றிப் புகார் செய்யலாம். தனியாகக் கேட்பதைவிட, கூட வேலை செய்யும் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் ஒருவர்மேல் மட்டும் கண் விழாது. கையுறையும் முகமூடியும் தர வேண்டியது முதலாளியின் சட்டப்பூர்வக் கடமை. அதற்காக உங்கள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது.